பணம் கட்டாமல் பிடிஎஃப்பைத் திருத்தவும் கையொப்பமிடவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கு விண்ணப்பிக்கிறவர், வாடகை ஒப்பந்தம் போடுகிறவர், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க அலைகிறவர் என எல்லோர் கையிலும் இன்று ஒரு பிடிஎஃப் கோப்பு இருக்கிறது. அதில் ஒரு வரி நிரப்பவோ ஒரு கையொப்பம் இடவோ முனைந்தால், மாதச் சந்தா கேட்கும் திரை குறுக்கே வந்து நிற்கிறது. இவற்றில் பெரும்பாலான வேலைகளுக்கு அந்தச் சந்தா தேவையே இல்லை. உங்களுக்கு வேண்டியது நிரப்புதலா, திருத்துதலா, பக்கங்களை அடுக்குதலா, கையொப்பமா என்று முதலில் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு.

இலவச மென்பொருளால் பிடிஎஃப்பைத் திருத்துவது சட்டப்படி சரியா?

சரிதான். பிடிஎஃப் வடிவத்தை அடோபி நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. 2008-ல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமானது. அந்தத் தரத்தைப் படித்து யார் வேண்டுமானாலும் மென்பொருள் எழுதலாம். லிபர்ஆஃபிஸ் (வேர்டு போன்ற அலுவலகச் செயலிகளின் தொகுப்பு), ஒக்குலர் (பிடிஎஃப் படிக்கும் மென்பொருள்) போன்றவை அப்படி எழுதப்பட்டு, மூலநிரலோடு பொதுவில் வைக்கப்பட்டவை.

தவறான வழி வேறு. விலையுள்ள மென்பொருளின் பூட்டை உடைத்த பிரதியைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு வந்து நிறுவுவதுதான் தவறு. அந்தப் பிரதிகளில் கடவுச்சொல் திருடும் நிரல்கள் ஒளிந்து வருவது புதிதல்ல. வங்கிக் கணக்கைப் பார்க்கும் கணினியில் அதை நிறுவவே நிறுவாதீர்கள்.

வேர்டு கோப்பைத் திருத்துவதுபோல் பிடிஎஃப்பை ஏன் திருத்த முடிவதில்லை?

பிடிஎஃப்புக்குப் பத்தி, வரி, சொல் என்பவற்றில் அக்கறை இல்லை. இன்ன எழுத்துருவின் இன்ன வடிவத்தைத் தாளின் இன்ன இடத்தில் வை என்ற கட்டளைகளின் தொகுப்பு அது. அச்சுக் கோத்து முடித்த பக்கத்தைப் போன்றது: நடுவே ஒரு சொல்லைச் செருகினால் மற்றவை தாமாக நகர்ந்து இடம் தருவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோப்பின் அளவைக் குறைக்க, அந்த ஆவணத்தில் பயன்பட்ட எழுத்து வடிவங்களை மட்டும் பொறுக்கி உள்ளே வைப்பது வழக்கம். ஆவணத்தில் எங்கும் ‘ஞ’ வரவில்லை என்றால், அந்தக் கோப்புக்குள் ‘ஞ’ இருக்காது. ‘ஞானசேகரன்’ என்று பெயரை மாற்ற முயன்றால் அந்த ஓர் எழுத்து மட்டும் வேறு எழுத்துருவில் வந்து துருத்திக்கொண்டு நிற்கும்.

படிவத்தில் தட்டச்சு செய்யக் கட்டங்களே இல்லை. அச்சிட்டு, கையால் எழுதி, மீண்டும் ஸ்கேன் செய்யத்தான் வேண்டுமா?

வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் பிடிஎஃப்பைத் திறந்தால், மேலே எழுத்தைச் சேர்க்கவும் கோடு வரையவும் பொத்தான்கள் இருக்கும். 2022 அக்டோபரில் வந்த 106-ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. பிறகு படம் சேர்க்கும் வசதியும் அண்மைக் காலத்தில் கையொப்பம் சேர்க்கும் வசதியும் வந்தன. விண்டோஸோடு வரும் எட்ஜ் உலாவியிலும் எழுத்தைச் சேர்க்கலாம். குரோமில் கட்டங்கள் உள்ள படிவத்தை நிரப்பலாம். 

அடோபியின் அக்ரோபேட் ரீடரே இலவசம்தான். அதில் ‘ஃபில் அண்ட் சைன்’ என்ற பகுதிக்குச் சென்றால் எழுத்து, சரிக்குறி, தேதி, கையொப்பம் எல்லாவற்றையும் வைக்கலாம். அதன் பக்கத்திலேயே உள்ள ‘எடிட்’ பொத்தானை அழுத்தினால்தான் சந்தாத் திரை வரும். அந்தப் பொத்தானைப் பார்த்துவிட்டு ‘ரீடருக்கும் பணம் கட்ட வேண்டும்’ என்று பலர் திரும்பிவிடுகிறார்கள்.

படிவத்தைத் தமிழில் நிரப்பினால், சேமித்த பிறகு வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். நிரப்பிய திரையில் சரியாகத் தெரிந்த கொம்பும் காலும் பெறுபவரின் திரையிலும் சரியாகத் தெரிகின்றனவா என்று உறுதிசெய்துகொண்டு அனுப்புங்கள்.

உள்ளே அச்சாகியிருக்கும் வரியையே மாற்ற வேண்டும். என்ன வழி?

முதல் வழி, மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவது. பிடிஎஃப்பாக மாற்றும் முன் அது எங்கோ ஒரு வேர்டு கோப்பாக இருந்திருக்கும். அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் முடிகிற வேலைக்கு மணிக்கணக்கில் போராட வேண்டாம்.

மூலம் கிடைக்காவிட்டால் லிபர்ஆஃபிஸ் டிராவில் திறக்கலாம். ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பெட்டியாக வரும். பெட்டியைச் சொடுக்கித் திருத்தி, மீண்டும் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யலாம். தேதி, தொகை, முகவரி போன்ற சிறு மாற்றங்களுக்கு இது போதும். மூலத்தில் இருந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் டிரா வேறொன்றை வைக்கும். அப்போது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

நீங்களே ஆவணம் தயாரிக்கிறவராக இருந்தால் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். லிபர்ஆஃபிஸ் ரைட்டரில் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும்போது ‘ஹைபிரிட் பிடிஎஃப்’ என்ற தெரிவு இருக்கிறது. அதைக் குறித்துவிட்டால் மூலக் கோப்பும் பிடிஎஃப்புக்குள்ளேயே பொதிந்துவிடும். மற்றவர்களுக்கு அது சாதாரண பிடிஎஃப். லிபர்ஆஃபிஸில் திறப்பவருக்கு முழுமையாகத் திருத்தக்கூடிய ஆவணம். சங்கங்கள், சிறு பள்ளிகள், நூலக வாசகர் வட்டங்கள் போன்ற, செயலாளர் மாறிக்கொண்டே இருக்கும் அமைப்புகளுக்கு இது பெரிய வசதி. பழைய செயலாளரின் மடிக்கணினியைத் தேடிப் போக வேண்டியிராது.

தமிழ் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் எழுத்துகள் உடைகின்றன. ஏன்?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எது உங்கள் கோப்பின் நோய் என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும்.

முதலாவது, பழைய குறியாக்கங்கள். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் உட்கார்ந்திருக்கும். திரையில் தமிழாகத் தெரிவது, ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குவியலாக விழும். தமிழ்நாடு அரசு 2010-ல் உலகப் பொதுக் குறியாக்கமான யூனிகோடையும், தமிழுக்கான டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய சுற்றறிக்கைகள் மட்டுமல்ல, இன்றும் பல அச்சகங்களும் டிடிபி மையங்களும் தரும் கோப்புகள் இப்படித்தான் இருக்கின்றன. நகலெடுத்த குவியலை, அந்தந்தக் குறியாக்கத்துக்கான யூனிகோடு மாற்றியில் இட்டால் தமிழ் பெரும்பாலும் முழுமையாகத் திரும்பக் கிடைத்துவிடும்.

இரண்டாவது காரணம் யூனிகோடு கோப்புகளுக்கும் உரியது. ‘கொடி’ என்று எழுதினால் தாளில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்ற வரிசையில் வடிவங்கள் வைக்கப்படுகின்றன. பிடிஎஃப் நினைவில் வைத்திருப்பது இந்த வடிவங்களின் வரிசையைத்தான். கோப்பை உருவாக்கிய மென்பொருள், எந்த வடிவம் எந்த எழுத்து என்ற அட்டவணையைக் கவனமாக எழுதவில்லையென்றால், நகலெடுக்கும்போது கொம்பு தனியாகவும் ‘கா’ தனியாகவும் வரும். அந்தக் கோப்பில் ‘கொடி’ என்று தேடினாலும் கிடைக்காது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் உள்ள ஓர் அரசு அறிக்கையில் தேடவே முடியாமல் போவதற்கு இதுவே காரணம். பொதுமக்களுக்காக வெளியிடப்படும் ஆவணம் இந்த நிலையில் இருப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். பிடிஎஃப்பை உருவாக்குகிறவர்கள், வெளியிடும் முன் ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தாலே குறை தெரிந்துவிடும்.

இப்படி உடைந்த கோப்பிலிருந்து உரையை மீட்க, அதை ஒரு படமாகக் கருதி, படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருளிடம் கொடுப்பதே பெரும்பாலும் எளிது.

எழுத்துணரி தமிழுக்கு ஒத்துவருமா?

நன்றாகவே ஒத்துவருகிறது. டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளுக்குத் தமிழ்த் தரவு உண்டு; 2018-ல் வந்த நான்காம் பதிப்புக்குப் பிறகு அதன் தரம் மிகவும் உயர்ந்தது. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பின் அடியில் தேடக்கூடிய உரையடுக்கைச் சேர்க்க, டெசராக்டைப் பயன்படுத்தும் ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற நிரல் இருக்கிறது. கட்டளைவரி பழக்கமில்லாதவர்கள் கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் உரை கிடைக்கும். ஆனால் வெளியாருக்குக் காட்டக்கூடிய ஆவணங்களை மட்டும் அப்படி ஏற்றுங்கள். எந்தக் கருவியானாலும் ‘ர’வையும் துணைக்காலையும் குழப்பிக்கொள்ளும், மெய்ப்புப் பார்க்காமல் பயன்படுத்த வேண்டாம்.

பக்கங்களைச் சேர்க்க, பிரிக்க, திருப்ப?

பிடிஎஃப்சாம் பேசிக் அல்லது பிடிஎஃப் அரேஞ்சர். இரண்டும் கட்டற்றவை, இணையம் இல்லாமலே இயங்குபவை. விண்டோஸில் பிடிஎஃப்24 கிரியேட்டரும் நல்லது. மேக் கணினியில் பிரிவியூவின் பக்கப்பட்டியில் பக்கங்களை இழுத்து விட்டாலே போதும்.

‘கோப்பு பெரிதாக இருக்கிறது’ என்று விண்ணப்பத் தளம் ஏற்க மறுக்கிறது.

சுருக்கும் கருவியைத் தேடும் முன் ஸ்கேனைப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலை முழு வண்ணத்தில், 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்திருப்பார்கள். அதையே 150 அல்லது 200 டிபிஐயில், சாம்பல் நிறத்தில் மீண்டும் ஸ்கேன் செய்தால் கோப்பு பல மடங்கு சிறுக்கும். எழுத்தும் தெளிவாக இருக்கும். பெரிய ஸ்கேனை எடுத்துக் கடுமையாகச் சுருக்கினால் பதிவெண் கலங்கிப்போய், சரிபார்ப்பில் விண்ணப்பம் நிராகரிக்கப்படக்கூடும். மீண்டும் ஸ்கேன் செய்ய வழியில்லை என்றால், பிடிஎஃப்24-இன் சுருக்கும் கருவியில் தரத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள்.

இணையத்தில் ‘இலவசமாக மாற்றித் தருகிறோம்’ என்னும் தளங்களை நம்பலாமா?

கோயில் திருவிழா அழைப்பிதழைச் சுருக்க வேண்டுமா, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆதார், பான், வங்கி அறிக்கை, பத்திரம், மருத்துவ அறிக்கை, சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஏற்றாதீர்கள். பெயர்பெற்ற தளங்கள் சில மணி நேரத்தில் கோப்பை அழித்துவிடுவதாகச் சொல்கின்றன. ஆனால் தேடலில் முதலில் வரும் தளமெல்லாம் பெயர்பெற்ற தளம் அல்ல. அதே பெயரில், அதே தோற்றத்தில் போலிகள் உலவுகின்றன. இலவசக் கோப்பு மாற்றித் தளங்கள் வழியாகத் தீநிரல் பரப்பப்படுவதாக அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பின் டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் வெளிப்படையாக எச்சரித்தது. இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் வேலைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் உங்கள் கணினியிலேயே முடிக்க முடியும்போது, குடும்பத்தின் ஆவணங்களை முகம் தெரியாதவரின் சர்வருக்கு அனுப்ப என்ன அவசியம்?

பிரவுசிங் சென்டரில் வேலையை முடிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். வெளியே வரும் முன் ‘டவுன்லோட்ஸ்’ உறையில் உள்ள உங்கள் கோப்புகளை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. அது உங்கள் உரிமை.

என் கையொப்பத்தைப் படமாக ஒட்டினால் அது டிஜிட்டல் கையொப்பமா?

இல்லை. இந்த ஒரு குழப்பத்தால்தான் பலருக்கு வேலை கெடுகிறது.

ஒட்டிய படம் ஒரு படம். அதை யாரும் வெட்டி வேறொரு தாளில் ஒட்டலாம். டிஜிட்டல் கையொப்பம் கணக்கீட்டால் உருவாவது. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் கொண்டு ஒரு சுருக்க எண் கணக்கிடப்படுகிறது. கையொப்பமிடுபவரிடம் மட்டுமே உள்ள மறைசாவியால் அது முத்திரையிடப்படுகிறது. பின்னர் யாரேனும் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கணக்கு பொருந்தாது. திறக்கும் மென்பொருள் அதைச் சொல்லிவிடும். தாளில் கையெழுத்து போன்ற உருவம் தெரிய வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 இந்த இரண்டாம் வகைக்குத்தான் சிறப்பு அங்கீகாரம் தருகிறது. அதற்காகப் படம் ஒட்டிய கோப்பு வெற்றுத்தாள் ஆகிவிடாது. அதே சட்டத்தின் 10ஏ பிரிவின்படி, மின்னணு முறையில் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்தக் காரணத்தாலேயே செல்லாததாகிவிடாது. விடுப்புக் கடிதம், சுற்றுலா ஒப்புதல், வேலை ஏற்புக் கடிதம் போன்றவற்றுக்குப் படமே போதும். தகராறு வந்தால் ‘நான் இடவில்லை’ என்று ஒருவர் மறுக்கக்கூடிய விஷயங்களுக்குப் போதாது.

கையொப்பப் படத்தை எப்படித் தயாரிப்பது?

வெள்ளைத்தாளில் கறுப்பு அல்லது அடர்நீல மையில் சற்றுப் பெரிதாகக் கையெழுத்திடுங்கள். சன்னல் ஓரத்து வெளிச்சத்தில், நிழல் விழாமல் படம் எடுங்கள். கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் வெள்ளைப் பின்புலத்தை ஒளிபுகுமாறு மாற்றி, பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். மேக்கின் பிரிவியூ, கேமரா முன் தாளைக் காட்டினாலே இதைத் தானாகச் செய்துவிடும். அந்தப் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பாதீர்கள். அலுவலகப் பொதுக் கணினியிலும் விட்டு வராதீர்கள்.

உண்மையான டிஜிட்டல் கையொப்பத்தை இலவசமாக இட முடியுமா?

மென்பொருள் இலவசம்; சான்றிதழ் பெரும்பாலும் இலவசமல்ல. லிபர்ஆஃபிஸ், அக்ரோபேட் ரீடர், ஒக்குலர் மூன்றுமே சான்றிதழ் கொண்டு பிடிஎஃப்பில் கையொப்பமிடும். சான்றிதழை இந்தியச் சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளரிடம் (சிசிஏ) உரிமம் பெற்ற நிறுவனங்கள் தருகின்றன. பென்டிரைவ் போன்ற யுஎஸ்பி டோக்கனில் வரும். 2021 ஜனவரி 1 முதல் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள் நிறுத்தப்பட்டு, அவற்றுக்குப் பதிலாக மூன்றாம் வகுப்பு வழங்கப்படுகிறது. ஒப்பந்தப்புள்ளி போடுகிறவர், நிறுவன இயக்குநர், தணிக்கையாளர் போன்றோருக்கு இது தேவை. மற்றவர்கள் யாரேனும் கட்டாயப்படுத்தினாலொழிய வாங்க வேண்டியதில்லை.

ஆதார் எண்ணோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கொண்டு இடும் இ-சைன் இன்னொரு வழி. பரஸ்பர நிதி, பங்குச்சந்தைக் கணக்கு தொடங்கும்போது நீங்கள் அறியாமலே அதைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அந்த ஓடிபி உங்கள் கையெழுத்துக்குச் சமம். ஆவணத்தை முழுதும் படிக்காமல் அதைச் சொல்லிவிடாதீர்கள், முகவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

நீங்களே உருவாக்கிக்கொள்ளும் சான்றிதழும் உண்டு. அக்ரோபேட் ரீடரிலேயே செய்யலாம். ஒரு சிறு குழுவுக்குள் ‘இந்தக் கோப்பு மாறவில்லை’ என்று உறுதிசெய்ய அது உதவும். வெளியாருக்கு நீங்கள் யார் என்பதை அது நிரூபிக்காது.

இ-ஆதாரிலும் இ-சேவைச் சான்றிதழிலும் மஞ்சள் கேள்விக்குறி தெரிகிறது. போலியா?

பெரும்பாலும் இல்லை. கையொப்பமிட்ட அதிகாரிக்குச் சான்றளித்தவர் யார் என்பது உங்கள் கணினிக்கு இன்னும் தெரியாது என்பதே அதன் பொருள். அக்ரோபேட் ரீடரில் அந்தக் குறியின்மேல் வலச்சொடுக்கி, ‘வேலிடேட் சிக்னேச்சர்’, அடுத்து ‘சிக்னேச்சர் பிராப்பர்ட்டீஸ்’ சென்று, கையொப்பமிட்டவரின் சான்றிதழைத் திறந்து பாருங்கள். ஒருவருக்கு மற்றவர் சான்றளித்த சங்கிலியின் உச்சியில் ‘சிசிஏ இந்தியா’ இருப்பதைப் பார்த்து உறுதிசெய்த பிறகே ‘டிரஸ்ட்’ பகுதியில் அதை நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு பச்சைக் குறி வரும். கோப்பை உலாவியில் மட்டும் திறந்தால் இந்தச் சோதனை நடக்காமல் போகலாம்.

மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருப்பதும் முக்கியம். ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல், அன்று புழக்கத்தில் இருந்த பெரும்பாலான பிடிஎஃப் மென்பொருள்களின் கையொப்பச் சோதனையை ஏமாற்ற முடியும் என்று காட்டினார்கள். அந்த ஓட்டைகள் பின்வந்த பதிப்புகளில்தான் அடைக்கப்பட்டன.

கையொப்பமிட்ட சான்றிதழில் ஒரு பக்கத்தை நீக்கினேன். இப்போது ‘செல்லாது’ என்கிறதே?

அப்படித்தான் சொல்ல வேண்டும். பக்கத்தை நீக்குவது, சுருக்குவது, இன்னொரு கோப்போடு இணைப்பது, ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ கொடுப்பது என எல்லாமே கையொப்பத்தை அழித்துவிடும் அல்லது முறித்துவிடும். சாதிச் சான்றிதழையோ வருமானச் சான்றிதழையோ பதிவிறக்கியதும், அந்த மூலக் கோப்பைத் தொடாமல் தனி உறையில் வையுங்கள். திருத்த வேலைக்கு நகலை மட்டும் எடுங்கள்.

இருவர் கையொப்பமிட வேண்டிய ஆவணத்தில் நிரப்புதலும் திருத்தமும் முதலில் முடியட்டும். முதலாமவர் இட்ட பிறகு இரண்டாமவர் அதே கோப்பில், சான்றிதழ்க் கையொப்பத்தை ஆதரிக்கும் மென்பொருளில் இட வேண்டும். அப்போது புதிய கையொப்பம் கோப்பின் கடைசியில் சேரும்; முந்தையது முறியாது.

எந்த ஆவணத்துக்கு மின்கையொப்பம் செல்லாது?

உயில். அறக்கட்டளைப் பத்திரமும் அப்படியே. இவற்றைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை விலக்கி வைத்திருக்கிறது. தாளில், மையில், உயிலுக்குச் சாட்சிகளோடுதான் எழுத வேண்டும். இலங்கையின் 2006-ஆம் ஆண்டு 19-ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டமும் உயிலை விலக்குகிறது. பதிவு செய்ய வேண்டிய சொத்து ஆவணங்களுக்குப் பதிவுத்துறையின் நடைமுறையே இறுதியானது; வழக்கறிஞரைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

ஆதார் எண்ணின்மேல் கறுப்புக் கட்டம் வரைந்து அனுப்பினால் போதுமா?

போதாது. கட்டம் மேலே இருக்கும். எண் அடியில் அப்படியே இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் வெளியே வந்துவிடும். அமெரிக்காவில் டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மேனஃபோர்ட் வழக்கில் 2019 ஜனவரியில் அவருடைய வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் இதுவே நடந்தது. கறுப்பு பூசிய பகுதிகளைச் செய்தியாளர்கள் நகலெடுத்துப் படித்துவிட்டார்கள்.

லிபர்ஆஃபிஸின் ‘ரிடாக்ட்’ கருவி, மறைத்த பிறகு பக்கத்தையே படமாக மாற்றிவிடுவதால் அடியில் எதுவும் மிஞ்சாது. ஆதாருக்கு அதைவிட எளிய வழி, கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைக்கப்பட்ட ஆதாரை, ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே பதிவிறக்குவது.

கடவுச்சொல் போட்ட கோப்பைத் தளம் ஏற்கவில்லை.

இ-ஆதாரின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும். குரோமில் அதைக் கொடுத்துத் திறந்து, ‘பிரிண்ட்’ சென்று பிடிஎஃப்பாகச் சேமித்தால் கடவுச்சொல் இல்லாத நகல் கிடைக்கும். அதில் டிஜிட்டல் கையொப்பமும் இருக்காது. சரிபார்ப்புக்கு மூலக் கோப்பையே கொடுக்க வேண்டும்.

என்னிடம் கணினி இல்லை, கைபேசிதான்.

ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவின் ஸ்கேன் பொத்தான், தாளை நேராக்கிப் பிடிஎஃப்பாகத் தரும். அக்ரோபேட் ரீடர் செயலியில் நிரப்பவும் விரலால் கையொப்பமிடவும் முடியும். ஐஃபோனில் தனிச் செயலியே வேண்டாம்: ‘ஃபைல்ஸ்’ செயலியில் பிடிஎஃப்பைத் திறந்து, பேனா முனைக் குறியைத் தொட்டு, கூட்டல் குறி வழியே கையொப்பத்தைச் சேர்க்கலாம். புதிய செயலியை நிறுவும் முன் ஒரு வெற்றுக் கோப்பில் முயன்று பாருங்கள். எல்லா வேலையையும் செய்ய விட்டுவிட்டு, சேமிக்கும் நேரத்தில் பணம் கேட்கும் அல்லது பக்கம் முழுவதும் தன் பெயரை முத்திரையாகப் பதிக்கும் செயலிகள் நிறைய உள்ளன. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று அதைக் கண்டுபிடிக்கும் நிலை உங்களுக்கு வேண்டாம்.